உமையாள் போட்ட முறை

வெகு காலத்துக்கு முன் மருதவள நாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். கெட்டவனில்லை, ஆனால் கடைசியாக யார் காதில் பேசினார்களோ அவர்கள் சொன்னதே அவனுக்கு நியாயம். அவன் கட்டிய பெரிய வைத்தியசாலைக்குப் பிரமராயர் அதிகாரி. முப்பது பணியாளர்களில் யார் காலை, யார் மாலை, யார் இரவு என்று முறை எழுதுவது அவர்தான்.

ஒருநாள் உமையாள் என்ற பணிப்பெண்ணை அவர் அரசவைக்கு இழுத்துவந்தார்.

"மகாராஜா, இவள் நின்றபடியே தூங்கி, சூடான கஷாயத்தை நோயாளியின் கையில் கொட்டிவிட்டாள். பத்துக் கசையடி கொடுக்கவேண்டும்."

"கொட்டினாயா?" என்றான் ராஜா.

"கொட்டினேன். அந்த மனுஷன் அலறியது இன்னும் காதிலேயே நிற்கிறது. அடியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். ஆனால் எனக்கு இது தொடர்ந்து பதினோராவது இரவு! வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை. பகல் முறை கொடுங்கள் என்று ராயர் காலில் விழுந்தேன். கேட்ட குற்றத்துக்கு இன்னும் ஐந்து இரவு சேர்த்து எழுதினார்!"

பிரமராயர் சிரித்தார். "இஷ்டம் கேட்டால் முப்பது பேரும் பகல்தான் கேட்பார்கள். ராத்திரி நோயாளியை யார் பார்ப்பது, மகாராஜாவா?"

அவையே சிரித்தது. ராஜாவும் சிரித்தான். உமையாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நன்றாகச் சிரியுங்கள்! அரண்மனை வைத்தியர்கள் ஒரு நாழிகை அங்கே போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளட்டும். முப்பது பேரையும் வரவழையுங்கள். யாரையும் கட்டாயப்படுத்தாமல் மூன்று முறைக்கும் ஆள் நிறுத்துகிறேன். ஓர் இடம் காலியானாலும் இருபது அடி கொடுங்கள்."

"எல்லோரும் எதற்கு? பாதிப் பேர் போதுமே" என்றார் பிரமராயர் அவசரமாக.

பந்தயம் என்றால் ராஜாவுக்கு உயிர். "முப்பது பேரும் வரட்டும்!"

வந்தார்கள். உமையாள் ஒவ்வொருவரிடமும், "எந்த முறைக்கு உன்னால் வரவே முடியாது?" என்று மட்டும் கேட்டாள்.

"விடியற்காலை பூ கட்டி விற்கணும். காலை முறை மட்டும் வேண்டாம்" என்றாள் ஒருத்தி. "எனக்கு இரவே கொடு தாயே. வீட்டில் மாமியார் தூங்கவிடமாட்டாள்" என்றான் ஒருவன். பேசப்பேச, முறைக்குப் பத்துப் பேராக நிறைந்துவிட்டது.

"ஜெயித்துவிட்டாய்" என்றான் ராஜா.

"நான் ஜெயிக்க வரவில்லை. இந்தப் பன்னிரண்டு பேர் கைகளைப் பாருங்கள்."

பன்னிரண்டு பேர் கைகளிலும் சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

"கஷாயம் காய்ச்சுகிற கையில் ஏதடா சுண்ணாம்பு?" என்றான் ராஜா.

முதலில் நின்ற சொக்கன் கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "ராயர் வீட்டுக்கு மாடி கட்டுகிறோம் சாமி. நாலு மாதமாய்."

"முப்பது பேர் வேலையைப் பதினெட்டுப் பேர் செய்தோம், மகாராஜா! அதனால்தான் கை வெந்தது ஒரு மனுஷனுக்கு. சவுக்கு மட்டும் எனக்கா?" என்றாள் உமையாள்.

ராஜா எழுந்துவிட்டான். தான் சிரித்த சிரிப்பை நினைக்க அவன் முகம் கறுத்தது. "இனி முறை எழுதுவது நீதான், உமையாள். இந்த ராயர் உன் கீழே மலச்சட்டி கழுவட்டும்."

பிரமராயர் கைகூப்பினார். "அம்மா, என்னை இரவு முறையில் போடம்மா. யார் கண்ணிலும் படமாட்டேன்!"

"இரவுக்கு ஆள் நிறைந்துவிட்டது, ராயரே" என்றாள் உமையாள். "நாளைக் காலை வெளிச்சத்தில் வாருங்கள்."