பின்னால் வந்த மீன்

"பன்னிரண்டு வருடம், சாமி. என்னோடு பிச்சைக்கு வந்த அந்தத் தவசி ஒரு நாள்கூட முன்னால் நடந்ததில்லை."

மடத்திலிருந்து பிச்சைக்குப் போன செம்பையா பாதி வழியில் திரும்பியிருந்தார். மூச்சு வாங்கியது.

"முள்ளை மிதித்தவன் நான். நான் கால் வைத்த இடத்தில் கால் வைத்து வந்தவன் அவன். நாய் குரைத்தது என்னைப் பார்த்து. சோறு விழுந்தது இரண்டு பாத்திரத்திலும்."

"அதனால்தான் விரட்டிவிட்டீரே."

குரு வயதில் இளையவர். மரியாதை கொடுப்பார். ஆறுதல் கொடுக்கமாட்டார்.

"விரட்டினேன். ஒட்டியிருந்த அட்டை கழன்றது என்று நினைத்தேன். ஒன்பது நாளாகிறது. நாலு தெரு நடந்தால் கால் பின்னுகிறது. பாரம் போனால் உடம்பு லேசாக வேண்டாமா?"

குரு மடத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலுக்கு அழைத்துப் போனார்.

தெளிந்த தண்ணீர். இரண்டு கெண்டைகள் ஓட்டத்தை எதிர்த்து நின்றன. ஒன்றின் வாலை ஒட்டி மற்றொன்று.

"பின்னால் நிற்பதைப் பாரும்."

"வாலை ஆட்டக்கூட வலிக்கிறது அதற்கு. தவசியேதான்."

"முன்னால் நிற்பது?"

"பாவம், சாமி. அத்தனை வேகத்தையும் அதுதான் தாங்குகிறது."

"அப்படியானால் அதற்கு ஒரு நல்லது செய்யும்."

குரு கரையில் கிடந்த ஒரு கூடையை எடுத்து நீட்டினார்.

செம்பையா ஆசையோடு இறங்கினார். பின்னால் நின்றதை அள்ளினார். கரையைத் தாண்டிப் போய் அந்தப் பக்கம் ஓடும் ஆற்றில் வீசினார்.

"போ. இனி சொந்த வாலை ஆட்டு."

திரும்பி வந்தபோது மற்றது அங்கேயே நின்றது. ஆனால் அதன் வால் படபடவென்று அடித்தது. ஒரு சாண் பின்னால் சறுக்கியது. முட்டி மோதி ஏறியது. மறுபடி சறுக்கியது.

"தண்ணீர் கூடிவிட்டதா, சாமி?"

"அதே தண்ணீர்தான்."

செம்பையா குனிந்து பார்த்தார்.

"முன்னால் போகும் மீனுக்குப் பின்னால் தண்ணீர் சுழலும்," என்றார் குரு. "அந்த மீனைப் பின்னுக்கு இழுக்கும். இன்னொன்று ஒட்டி வந்தால் அந்த இழுப்பு குறையும். முன்னால் போகும் மீனுக்கு அது தெரியாது."

ஓட்டம் அந்த மீனை அடித்துக்கொண்டு போனது.

செம்பையா கூடையைக் கீழே வைத்தார்.

"தவசி எந்தப் பக்கம் போனான், சாமி?"

"எனக்குத் தெரியாது. நீர் விரட்டிய அன்றைக்கு உமது அறை வாசலில் பொழுது சாயும்வரை நின்றார். உம்மிடம் சொல்லிவிட்டுப் போகத்தான் நின்றார்."

"நான் உள்ளே தாழ் போட்டிருந்தேன்," என்றார் செம்பையா.