முழங்கால் தண்ணீர்

சென்னியப்பன் இருபத்தெட்டு வருடம் நிலம் அளந்தவர். சங்கிலி, நாடா, கல், வரைபடம் என்று வாழ்ந்துவிட்டு, ஐம்பத்து மூன்றாம் வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினார். வீட்டில் முதலில் கோபித்துக்கொண்டார்கள். அப்புறம் சிரித்தார்கள். அப்புறம் ரெயின்கோட் வாங்கிக் கொடுத்தார்கள்.

அவர் போய்ச் சேர்ந்தது அமலியிடம். மழைக்காலத்தில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, ஐந்து நாள் ஆனைமலைப் பாதைகளில் வண்டியோட்டி அழைத்துப்போவது அமலியின் தொழில். வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பிறந்தவர். சென்னியப்பனைவிடப் பதினெட்டு வயது இளையவர். அதனால் அவர் ‘அம்மிணி’ என்று கூப்பிட்டார். அமலி ‘அண்ணா’ என்றார். ஆனாலும் இதில் யார் குரு, யார் சீடர் என்ற சந்தேகம் இருவருக்குமே வந்ததில்லை.

முன்னால் போகிற வண்டி அமலியுடையது. கடைசி வண்டி சென்னியப்பனுடையது. இரண்டு மழைக்காலமாக அப்படித்தான். அடுத்த வருடம் இன்னொரு குழு தொடங்கப்போவதாக அமலி சொல்லியிருந்தார். அதற்கு முன்வண்டி ஓட்ட ஒருவர் வேண்டும். சென்னியப்பன் தன் வாழ்நாளில் வேறெதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

இந்த முறை வந்தவர்கள் மூன்று பேர். தஞ்சாவூரில் மருந்துக்கடை நடத்தும் வஹீதா. நாகர்கோவிலில் ஒரு கல்லூரி நூலகர் லாரன்ஸ். சேலத்திலிருந்து குமரகுரு, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அதற்குள் வண்டி வாங்கிவிட்டான்.

முதல் நாள் ஆழியாறு தாண்டி மலை ஏறும்போது லேசாகத் தூறியது. ஒன்பதாவது வளைவில் அமலி கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றார்கள். பக்கத்தில் ஒரு டீக்கடை. முக்கால் மணி நேரம் அங்கே உட்கார்ந்தார்கள். தூறல் நின்றுபோய் வெயில்கூட வந்தது. அதற்கப்புறமும் உட்கார்ந்திருந்தார்கள்.

சென்னியப்பன் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்: தூறல் என்றால் நிறுத்த வேண்டும்.

இரண்டாம் நாள் வானம் கிழிந்ததுபோல் கொட்டியது. பாதையில் செம்மண் தண்ணீர் ஓடியது. அமலி நிறுத்தவே இல்லை. ஹெல்மெட் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியாமல், முன்னால் போகிற சிவப்பு விளக்குகளை எண்ணிக்கொண்டே சென்னியப்பன் பின்னால் வந்தார்.

சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டார்.

“ஏனுங்க அம்மிணி, நேத்துத் தூறலுக்கே நிறுத்துனீங்க. இன்னைக்கு இந்தக் கொட்டு கொட்டுது, நிக்காம வந்தீங்க. எது சரிங்க?”

“ரெண்டும்.”

“அதெப்புடிங்க ரெண்டும் சரியாகும்?”

“ரசம் ஆறுது பாருங்க” என்றார் அமலி.

சென்னியப்பன் நேற்று எழுதியதை அடித்தார். புதிதாக எழுத ஒன்றும் தோன்றவில்லை. சாப்பிட்டு முடித்துக் கிளம்பினால், நல்ல வெளிச்சம், காய்ந்த சாலை, ஒரு கஷ்டமும் இல்லாத இடம். அங்கே அமலி நிறுத்தினார். லாரன்ஸிடம் அவருடைய நூலகத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்திப் பேசுகிற விஷயமா அது? சென்னியப்பன் கடைசி வண்டியில் சாய்ந்துகொண்டு சாலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். நிற்பதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அமலி சொன்னார்:

“அண்ணா, இன்னைக்கு முன்னால நீங்க போங்க. நான் கடைசில வரேன்.”

சென்னியப்பன் நிமிர்ந்து நின்றார்.

“வழியெல்லாம் எனக்கு மனப்பாடமுங்க” என்றார்.

“தெரியும். நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க.”

பத்து கிலோமீட்டர் நன்றாகப் போயிற்று. அப்புறம் லாரன்ஸின் செயின் கழன்றது. அமலி அவரோடு நின்றுகொண்டு, நீங்கள் போய்க்கொண்டிருங்கள் என்று கையைக் காட்டினார். சென்னியப்பன் போனார். பின்னால் வஹீதாவும் குமரகுருவும் வந்தார்கள்.

எஸ்டேட் பாதை ஒரு ஓடையைக் கடக்கிற இடத்தில் தரைப்பாலம் இருந்தது. இருந்தது என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். மேலே கலங்கிய தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நட்டிருந்த கல்தூண்களின் தலை மட்டும் வெளியே தெரிந்தது.

சென்னியப்பன் வண்டியை நிறுத்தினார். தடுமாறவில்லை. இதற்காகத்தானே இத்தனை வருடம் அளந்தார். ஒரு காட்டுக் கம்பை ஒடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். தொடக்கத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை, அந்தக் கரைக்குப் பக்கத்தில் ஒரு தடவை கம்பை ஊன்றிப் பார்த்தார். அடியில் சிமெண்டுத் தரை அரிக்காமல் இருந்தது. திரும்பி வந்து கம்பில் ஈரம் ஏறிய இடத்தைக் காலோடு வைத்துப் பார்த்தார்.

“முழங்காலுக்குக் கீழதானுங்க. ஒவ்வொருத்தரா போலாம். கியர் மாத்தாதீங்க, நடுவுல நிறுத்தாதீங்க.”

குமரகுரு முதலில் போனான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய் அந்தக் கரையில் ஏறி, இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான்.

வஹீதா வண்டியை உருட்டிக்கொண்டு சென்னியப்பன் பக்கத்தில் வந்தார். ஏதோ கேட்டார். ஓடை இரைந்தது.

“நான் மூணு தடவ அளந்துட்டனுங்க. பயப்படாதீங்க, போங்க.”

வஹீதா ஒரு நொடி அவரைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனார்.

நடுப்பாலத்தில் வண்டி திணறி அணைந்தது. வஹீதா காலை ஊன்றப் பார்த்தார். அவர் குள்ளம். காய்ந்த தரையிலேயே நுனிக்கால்தான் படும். ஓடுகிற தண்ணீரில் அந்த நுனிக்காலுக்குத் தரை அகப்படவில்லை. வண்டி மெதுவாக, மிக மெதுவாகச் சாய்ந்தது. அவர் அடியில் போனார்.

சென்னியப்பன் ஓடினார். தண்ணீருக்குள் ஓட முடியாது என்பது அப்போதுதான் தெரிந்தது. போய்ச் சேர்வதற்குள் ஹெல்மெட் ஒரு தடவை முழுகி மேலே வந்தது. சட்டைக் காலரைப் பிடித்துத் தலையைத் தூக்கினார். காலின் மேல் வண்டி கிடந்தது. அதை ஒரு கையால் அசைக்க முடியவில்லை. தண்ணீர் வண்டியையும் அவர்களையும் சேர்த்துத் தள்ளியது. குமரகுரு அந்தப் பக்கமிருந்து வந்து ஹேண்டிலைப் பிடித்தான். அது போதவில்லை.

மேலே ஒரு வண்டி வந்த சத்தம். ஸ்டாண்டு போடாமல் அதை அப்படியே கீழே விட்ட சத்தம். அமலி தண்ணீரில் இறங்கி வந்தார். மூன்று பேரும் சேர்ந்து வண்டியைத் தூக்க, கால் வெளியே வந்தது. அடுத்த நிமிடம் வண்டி கல்தூண்களுக்கு நடுவே சரிந்து கீழே பாறைகளில் விழுந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கரையில் வஹீதா ஹெல்மெட்டைக் கழற்றி இருமினார். சிரித்தார். அப்புறம் அழுதார்.

எஸ்டேட் ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்றார்கள். கணுக்கால் மட்டும் பந்துபோல் வீங்கியிருந்தது. கட்டுப் போட்டு முடிந்ததும், அமலி வஹீதாவின் முன்னால் போய் நின்று சொன்னார்:

“தப்பு என்மேலதான்க்கா.”

சென்னியப்பன் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவருக்கு விளங்கவில்லை. அங்கே இல்லாதவர் எப்படித் தப்புச் செய்ய முடியும்? அளந்தது இவர். போகச் சொன்னதும் இவர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மாலையில், தங்கியிருந்த விடுதிக்கு வெளியே அமலி தன் வண்டியின் உடைந்த இண்டிகேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். சென்னியப்பன் போய் நின்றார்.

“அம்மிணி, நான் ஊருக்குப் போயிரட்டுங்களா?”

“காலைல பஸ் இருக்கு. உங்க வண்டிய அப்புறம் அனுப்பிடறேன்.”

போகாதீங்க என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தார் போலும்.

“எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் வெளங்கலீங்க. அளவுல தப்பில்லைங்க. இப்பப் போய் அளந்தாலும் அதே அளவுதான் வரும்.”

“அளவு சரிதான்.”

“அப்பறம் எதுலீங்க தப்பு?”

அமலி ஸ்குரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு வயரைப் பிரித்தார். பிறகு ஸ்குரூவைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்:

“வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி அவங்க உங்ககிட்ட ஏதோ கேட்டாங்களாமே. என்ன கேட்டாங்க?”

சென்னியப்பன் யோசித்தார். கம்பில் ஈரம் ஏறியிருந்த இடம் ஞாபகம் வந்தது. மூன்றாவது தூணில் ஒட்டியிருந்த பாசி ஞாபகம் வந்தது. குமரகுருவின் சைலன்சரிலிருந்து குமிழ் குமிழாக வந்தது ஞாபகம் இருந்தது.

“பயப்படாதீங்கன்னு சொன்னனுங்க” என்றார்.

“அது நீங்க சொன்னது.”

அமலி மறுபடி வயரைப் பார்க்கக் குனிந்துவிட்டார்.

வஹீதா விடுதி வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தார். லாரன்ஸ் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்த பழைய வாரப்பத்திரிகை மடியில் கிடந்தது. சென்னியப்பன் உட்காரவில்லை.

“வலி எப்புடிங்க இருக்குது?”

“இருக்கு சார். மாத்திரை போட்டிருக்கேன். உக்காருங்களேன்.”

“பாலத்துக்கிட்ட எங்கிட்ட என்னமோ கேட்டீங்களாமுங்க.”

“ஆமா.”

“என்னங்க கேட்டீங்க?”

வஹீதா அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். “காதுல விழலையா சார்? விழுந்துதான் பதில் சொன்னீங்கன்னு நினைச்சேன்.”

சென்னியப்பன் இல்லை என்று தலையாட்டினார்.

“நான் நடந்து வந்துர்றேன், என் வண்டிய மட்டும் நீங்க ஓட்டிட்டு வந்து குடுக்கறீங்களான்னு கேட்டேன்.”

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. சென்னியப்பன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பாலத்தில் அவர் அளக்கும்போதே அந்தக் கரைவரை நடந்துபோய்த் திரும்பியிருந்தார். ஒரு வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் வைத்துவிட்டு இன்னொரு தடவை நடந்து வர ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

“ரெண்டாவது தடவையும் கேக்கலாம்னுதான் இருந்தேன்” என்றார் வஹீதா. “நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்களா, கேக்கக் கூச்சமாயிடுச்சு. எனக்கு இது எப்பவும் உள்ளதுதான். முதல் நாளே பாருங்க, மலை ஏறும்போது விரலெல்லாம் மரத்துப்போச்சு. பிரேக்கைப் புடிக்க முடியல. சொல்ல வெக்கம். நல்லவேளை, அமலி டீ குடிக்க நிறுத்தினாங்க. டம்ளரைப் புடிச்சுப் புடிச்சுத்தான் சூடேத்திக்கிட்டேன்.”

“அது தூறலுக்குன்னு நெனச்சனுங்க.”

“தூறலா? தூறிச்சா அன்னைக்கு?”

“மறுநாள் அந்தக் கொட்டு கொட்டுச்சே, அன்னைக்கு ஏனுங்க நிக்கல?”

“அது எனக்கெப்படி சார் தெரியும்? எனக்கு அன்னைக்கு ஒரே குஷியா இருந்துச்சு.”

சென்னியப்பன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் வந்திருந்தார். வாக்கியம்கூடத் தயாராக இருந்தது. இப்போது அது எதற்கும் பொருந்தவில்லை. “நாளைக்கு என்னங்க பண்றதா இருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார். முன்னால் யாரிடமும் அவர் அப்படிக் கேட்டதில்லை.

“வண்டிதான் போச்சு. யார் பின்னாடியாவது உக்காந்து வரேன். பாதியில திரும்ப மாட்டேன்.”

அன்று அவருக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. இரண்டு மழைக்காலம் கடைசி வண்டியில், எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். யார் விரல் மரத்தது, யாருக்குக் குஷி, ஒன்றும் தெரியாது. முன்னால் போகிற அமலிக்கு முதுகிலா கண் இருக்கிறது? அதுவும் புரியவில்லை. பஸ்ஸைப் பிடிப்பதா வேண்டாமா என்பதும் புரியவில்லை.

காலையில் மழை விடவில்லை. எஸ்டேட் ஆட்கள் வஹீதாவின் வண்டியைக் கயிறு கட்டி மேலே இழுத்து, ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வஹீதா அமலியின் வண்டியில் பின்னால் ஏறிக் கட்டுப்போட்ட காலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். லாரன்ஸ் தன் செயினை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். குமரகுரு இன்று கத்தவில்லை.

சென்னியப்பன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பஸ்ஸுக்கா, வண்டிக்கா என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. அவருக்கே தெரியவில்லை.

அமலி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“அண்ணா, இன்னைக்கும் முன்னால நீங்கதான்.”

தான் சரியாகத்தான் கேட்டோமா என்று சென்னியப்பனுக்குச் சந்தேகமாகிவிட்டது.

“நானுங்களா?”

“நீங்கதான்.”

“வேண்டாமுங்க அம்மிணி. நேத்து அப்படிப் பண்ணிப்போட்டு... எனக்கு ஒண்ணுமே புடிபடலீங்க. எப்ப நிக்கோணும், எப்பப் போகோணும், சத்தியமா எதுவுமே எனக்குத் தெரியாதுங்க.”

“நேத்துத் தெரிஞ்சிருந்துச்சா?”

“நேத்து...” சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். “நேத்து நல்லாத் தெரிஞ்சுதுங்க.”

“அப்ப நேத்துதான் உங்கள முன்னால விட்டிருக்கக் கூடாது. அது என் தப்பு” என்றார் அமலி. “இன்னைக்குப் போலாம். வண்டிய எடுங்க.”