நீலக் கண்ணாடிக்குத் தடை

பாறையடிச் சாமிக்குச் சீடர் என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒருத்தர்தான். அவரும் சாமியைவிடப் பதினான்கு வயது மூத்தவர். பெயர் திருமலைக்கொழுந்து. மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். சாமி காவி கட்டுவதற்கு முன்னால் வீடு வீடாக ஒயரிங் வேலை பார்த்தவர். வாத்தியார் வீட்டு ஃபேனை மாட்டியதே அவர்தான். அந்த ஆளிடம் போய் உபதேசம் கேட்கிறாரே மனுஷன் என்று வாத்தியாரின் மனைவி தலையில் அடித்துக்கொண்டது தனிக்கதை.

வாத்தியார் நல்லவர். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் விதி என்று ஒன்று எழுத்தில் இருந்துவிட்டால் போதும், அவருக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. இப்படிப்பட்ட ஆளைத்தான் அந்த வருஷம் பஞ்சாயத்துத் தலைவர் இடைத்தேர்தலுக்கு, சாமியின் மடம் இருக்கிற ஊருக்கே, பூத் அதிகாரியாகப் போட்டார்கள்.

பயிற்சி வகுப்பில் கொடுத்த கையேட்டை மற்றவர்கள் பைக்குள் திணித்துக்கொண்டு போனார்கள். வாத்தியார் இரண்டு தடவை படித்தார். வேட்பாளரின் சின்னத்தை அணிந்துகொண்டு யாரும் வாக்குச்சாவடிக்குள் வரக் கூடாது என்ற வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டார். போதாதென்று பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போட்டார்.

ஐந்து பேர் நின்றார்கள். ஆனால் போட்டி இரண்டு பேருக்குள்தான். ஒருத்தருக்குப் பூட்டு சாவிச் சின்னம், இன்னொருத்தருக்கு மூக்குக் கண்ணாடி.

காலை ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. சட்டையில் சின்னத்தின் ஸ்டிக்கர் ஒட்டி வந்த நாலு பேரிடம் வாத்தியார் அதைக் கிழித்துப் போடச் சொன்னார். அவர்களும் கிழித்துப் போட்டார்கள். அந்த மட்டில் நிறுத்தியிருக்கலாம்.

எட்டே முக்காலுக்குக் கண்ணாடிக்காரரின் ஏஜென்ட் கோமதிநாயகம் எழுந்து நின்றார். பொம்பளைகள் எல்லாரும் எதிராளியின் சின்னத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வருகிறார்கள், இதைக் கேட்பார் இல்லையா என்றார். அந்த ஊரில் வீட்டைப் பூட்டினால் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொள்வது வழக்கம். வேறு எங்கே செருகுவார்கள்? புத்தியுள்ள எவனும் சிரித்துவிட்டு, உட்காருங்கள் அண்ணாச்சி என்றிருப்பான். வாத்தியார் கையேட்டைத் திறந்தார்.

வெளியே ஒரு பெஞ்சு போடச் சொன்னார். சாவிகளை அதில் வைத்துவிட்டு உள்ளே வர வேண்டும் என்று உத்தரவு. அரை மணி நேரத்தில் பெஞ்சு நிறையச் சாவி. ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவர்கள் எது யாருடையது என்று தெரியாமல் அள்ளிக்கொண்டு போனார்கள். போனவர்கள் கதவு திறக்கவில்லை என்று திரும்பி வந்தார்கள். ஒரே மாதிரிச் சாவிக்காக இரண்டு பேர் ஒருத்தி முடியை ஒருத்தி பிடிக்காத குறை.

பூட்டுக்காரரின் ஏஜென்ட் செல்லத்துரை சும்மா இருப்பாரா? அவரும் எழுந்தார். இரண்டு மாசத்துக்கு முன்னால் கண்ணாடிக்காரர் ஊரில் ஒரு கண் முகாம் நடத்தி, கிட்டப் படிக்கச் சிரமப்பட்ட அறுபது பேருக்கு இலவசக் கண்ணாடி கொடுத்திருந்தார். எல்லாம் ஒரே நீலச் சட்டம். அதை மாட்டிக்கொண்டு வருகிறவன் வேட்பாளரின் சின்னத்தை மூக்கில் சுமந்துகொண்டு வருகிறானா இல்லையா என்று கேட்டார்.

இதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அதுதான் வாத்தியாருக்கு எரிச்சலாக வந்தது. சாவிக்கு ஒரு நீதி, கண்ணாடிக்கு ஒரு நீதி என்று இருக்க முடியாதே. நீலக் கண்ணாடியைக் கழற்றி வைக்கச் சொன்னார்.

பதினோரு மணிக்குள் சாவிகளோடு இருபத்து மூன்று கண்ணாடிகள் பெஞ்சுக்கு வந்துபோயின. கழற்றியவர்கள் அட்டை மறைப்புக்குள் போய்ச் சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள், தாழ்த்திப் பார்த்தார்கள், கடைசியில் எங்கேயோ ஒரு குத்துக் குத்திவிட்டு வந்தார்கள். ஒரு பெரியவர் சீட்டின் முதுகில் குத்தியிருந்தார். மடித்த சீட்டில் மை தெரிந்தது. வாத்தியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதோடு விட்டார்களா? செல்லத்துரை பல்லெல்லாம் தெரியச் சிரித்து, சார் தப்பாக நினைக்கக் கூடாது, உங்கள் மூக்கில் இருப்பது என்ன சின்னம் என்று கேட்டார். வாத்தியாரின் கண்ணாடி அவரே கடையில் வாங்கிய கறுப்புச் சட்டம். அதையும் கழற்றி மேஜைமேல் வைத்தார், புண்ணியவான். அதற்கப்புறம் வரிசை எண்ணை அவருக்குப் பக்கத்து மேஜைக்காரர் படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டது. வெயிலில் நின்றவர்கள் திட்டியது உள்ளே நன்றாகவே கேட்டது.

இந்த நேரத்தில்தான் மாடத்தி வந்தாள். பீடி சுற்றுகிறவள், ஐம்பது வயசு இருக்கும். மூக்கில் நீலக் கண்ணாடி. பின்னால் அவள் புருஷன் பூல்பாண்டி. அவனுக்கும் பின்னால், துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, பாறையடிச் சாமி.

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னார் வாத்தியார். மாடத்தி கழற்ற மாட்டேன் என்றாள். அவர் விதியைச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, மறுபடியும் மாட்டேன் என்றாள். கண்ணாடி இல்லாமல் அந்தச் சீட்டில் எது ஏணி, எது சீப்பு என்றே தனக்குத் தெரியாது என்றாள்.

அதற்கும் கையேட்டில் வழி இருந்தது. கண் தெரியாதவர் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம். வாத்தியார் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பூல்பாண்டி ஓரடி முன்னால் வந்துவிட்டான். எப்போதும் நான்தான் சார் கூடப் போவேன் என்றான். வாத்தியாருக்கு அப்பாடா என்றிருந்தது. துணையாள் படிவத்தை எடுத்தார்.

மாடத்தி புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"மூணு எலெக்‌ஷனா இவுகதான் சார் எனக்குக் குத்துனாக. யாருக்குக் குத்துனாகன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டா, உனக்கெதுக்கும்பாக. இந்தத் தடவதான் எனக்குக் கண்ணு தெரியுது."

பூல்பாண்டி தரையைப் பார்த்தான். வரிசையில் யாரோ கனைத்தார்கள்.

வாத்தியாருக்கு என்னவோ போலிருந்தது. பேனா கையில் இருந்தது, எழுத ஓடவில்லை. ஆனால் இருபத்து மூன்று பேரைக் கழற்ற வைத்தாயிற்றே. இவள் ஒருத்தியை விட்டால் செல்லத்துரை எழுத்தில் புகார் கொடுப்பார். மறு ஓட்டுப்பதிவு வரும். முப்பது வருஷச் சர்வீஸில் அவர் பேரில் ஒரு மெமோ கிடையாது. பாழாய்ப்போன சாவியையும் கண்ணாடியையும் சின்னமாகக் கொடுத்தவன் மேல் அவருக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது.

"கழட்டுங்க, இல்லன்னா துணையோட போங்க. ரெண்டும் முடியாதுன்னா வீட்டுக்குப் போங்கம்மா."

மாடத்தி கண்ணாடியைக் கழற்றினாள். பெஞ்சில் வைக்கவில்லை. உள்ளங்கையில் பொத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் போகவில்லை. மேஜைக்கு முன்னாலேயே நின்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தது.

வாத்தியார் அவளைத் தாண்டிச் சாமியைப் பார்த்தார்.

"சாமி, நீங்களே சொல்லுங்க. விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? நான் என்ன செய்யட்டும்?"

சாமி மடியிலிருந்து தன் வாக்காளர் சீட்டை எடுத்துக்கொண்டு நேரே ஏஜென்டுகளின் மேஜைக்குப் போனார். செல்லத்துரையிடம் அதை நீட்டி, போன தடவை லிஸ்டில் தன் தகப்பன் பெயர் தப்பாக இருந்ததாகவும், இந்தத் தடவை சரியாக இருக்கிறதா என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லும்படியும் பணிவாகக் கேட்டார்.

காலையிலிருந்து லிஸ்ட் செல்லத்துரையின் மடியில்தான் கிடந்தது. ஆனால் கோமதிநாயகம் பக்கத்தில் உரக்கப் படிக்க, இவர் தலையாட்டிக்கொண்டிருந்தாரே தவிர, படித்த பாடில்லை. இப்போது சாமியே கேட்கிறார், முடியாது என்று எப்படிச் சொல்வது? லிஸ்டை எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். பிறகு தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளினார். கை அதற்குமேல் நீளவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பார்த்தார். சாமி அவசரமே இல்லாமல் நின்றார்.

செல்லத்துரையின் இடது கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று. ஒரு கண்ணாடியை எடுத்து உதறி மூக்கில் மாட்டியது. நீலச் சட்டம்.

"எண்ணூத்திப் பன்னெண்டு. தகப்பனார் பேரு மாசானம். சரியாத்தான் இருக்கு சாமி."

சாமி கும்பிட்டுவிட்டு வரிசையில் தன் இடத்துக்குத் திரும்பினார்.

முதலில் ஒருத்தர் சிரித்தார். அப்புறம் வரிசை முழுக்கச் சிரித்தது. எல்லாரையும்விடக் கோமதிநாயகம்தான் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், ஒருத்தி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, என் வீட்டுச் சாவி எங்கே அண்ணாச்சி என்று கேட்கிற வரைக்கும். செல்லத்துரை கண்ணாடியைப் பிடுங்கிப் பைக்குள் திணித்தார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"படிக்கத்தானே சார் போட்டேன்," என்றார் வாத்தியாரிடம்.

வாத்தியார் மேஜையில் கிடந்த தன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வெளியே பெஞ்சில் இருக்கிற அத்தனையையும் அவரவரிடம் கொடுத்துவிடும்படி போலீஸ்காரரிடம் சொன்னார். துணையாள் படிவத்தை எடுத்த இடத்தில் வைத்தார்.

"போட்டுக்கிட்டுப் போங்கம்மா," என்றார் மாடத்தியிடம். அவள் பின்னாலேயே பூல்பாண்டியும் கிளம்பினான். அவனைக் கைநீட்டி நிறுத்தினார்.

மாடத்தி அட்டை மறைப்புக்குள் ரொம்ப நேரம் நின்றாள். வரிசையில் முணுமுணுத்தார்கள். பூல்பாண்டி கழுத்தை அந்தப் பக்கம் நீட்டினான், இந்தப் பக்கம் நீட்டினான். கடைசியில் அவள் மடித்த சீட்டோடு வந்து பெட்டியில் போட்டாள். அது உள்ளே விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தான். அவள் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓட்டுப்பதிவு முடிந்தது. பெட்டிக்குச் சீல் வைத்தார்கள். வேன் வரவில்லை, சொன்ன நேரத்துக்கு என்றைக்கு வந்தது? வாத்தியார் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுக் களைத்து உட்கார்ந்திருந்தார். சாமி ஒரு தூக்குவாளியில் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

மோரைக் குடித்ததும் வாத்தியாருக்குப் பேச்சு வந்தது. செல்லத்துரையைத் திட்டினார். கோமதிநாயகத்தைத் திட்டினார். கையேடு எழுதினவன் ஒரு நாளாவது பூத்தில் உட்கார்ந்திருப்பானா என்று கேட்டார். சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆனா விதியில் தப்பில்ல சாமி. யார் எந்தப் பக்கம்னு வெளியே தெரியக் கூடாது. ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் பயப்படக் கூடாது. அதுக்குத்தானே அது?"

"ஆமா," என்றார் சாமி.

"அதைத்தானே நான் நாள் பூராவும் காப்பாத்தினேன்?"

சாமி தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்தார்.

வாத்தியார் சுற்றும் முற்றும் பார்த்தார். போலீஸ்காரர் தூரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏன் சாமி, அந்த மாடத்தி அவ்வளவு நேரம் நின்னாங்களே. யாருக்குக் குத்தியிருப்பாங்க?"

சாமி எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமத் தவிக்கிறவங்க ஊரில் ரெண்டே பேர், வாத்தியாரே. இன்னொருத்தர் அவங்க வீட்டுக்காரர்."