ஏழாம் அத்தியாயத்தில் நின்ற கப்பல்

மாரீஸ்வரி படிப்பகத்தின் பின்வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பிளந்து, நாரை இழுத்து, ஒரு நெம்பு நெம்பினால் கொட்டை முறத்தில் விழும். கையே பார்த்துக்கொள்கிற வேலை. காது மட்டும் உள்ளே இருந்தது.

உள்ளே தனுஷ்கோடி சார் வாசித்துக்கொண்டிருந்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். எழுபத்திரண்டு வயது. சாயங்காலமானால் வயசானவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து உட்காருவார்கள். அவர் வாசிப்பார், இவர்கள் கேட்பார்கள். இப்போது நடப்பது ஒரு கப்பல் கதை. பன்னிரண்டு அத்தியாயம்.

இவர்தான் சீடர். குரு, வெளியே புளியோடு இருப்பவள்.

ஊர் சிரித்துக்கொண்டே வைத்த பேர் அது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் ஒருவர் படிப்பகத்துக்குத் தொடுதிரை டேப் ஒன்று அனுப்பியிருந்தார். அதற்குள் நூற்றுக்கணக்கில் மின்னூல்கள். பெரியவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடியபோது, படிப்பகத்தைக் கூட்டிப் பெருக்குகிற மாரீஸ்வரிக்குத்தான் அது கைவந்தது. ஆறாவதோடு படிப்பை விட்டவள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்காரி. யாரையும் நிமிர்ந்து பார்த்துப் பேசமாட்டாள்.

முதல் நாளே சார் பழக்கத்தில் விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கித் திரையைத் தள்ளினார். பக்கம் எங்கெங்கோ ஓடிக் கடைசியில் போய் நின்றது.

"சார், அதுக்குள்ள கரைக்கு வந்தாச்சா?" என்று ராயப்பன் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

சார் டேப்பை மூடினார். "இது பலகைய்யா. புத்தகம்னா ஒரு வாசனை வரணும்."

மறுபடி அதைத் தொடவில்லை. பழுப்பு அட்டை போட்ட பழைய புத்தகமே கைக்கு வந்தது. தினமும் விரித்ததும் ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்.

கதை ஏழாம் அத்தியாயம் வரை நன்றாகப் போனது. அப்புறம் சார், "ஒரு தடவை முதல்ல இருந்து கேட்டாத்தான் ருசி தெரியும்" என்றார். திரும்ப முதல் அத்தியாயம். திரும்ப ஏழு. திரும்ப முதல்.

ராயப்பனுக்குப் பொறுக்கவில்லை. மில்லில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்தவர். "சார், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை எனக்கு நெஞ்சுல ஆபரேஷன். கப்பல் கரை சேந்துச்சா இல்லையான்னு தெரியாம நான் போய்ப் படுக்க மாட்டேன்."

"சேரும்யா. பறக்காதே."

மாரீஸ்வரி எட்டிப் பார்த்தாள். பக்கம் புரண்டது. சாரின் கண் புரளவில்லை.

மறுநாள் பெருக்கும்போது, அலமாரிப் பக்கம் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றாள்.

அன்றும் அதற்கடுத்த நாளும் சார் வந்தார், விரித்தார், முகர்ந்தார். "ஆகா! இந்த வாசனை அந்தப் பலகையில வருமா?" என்றார். கணீரென்று வாசித்தார். கதையில் மாலுமிக்கு மூன்றாம் தடவையாகக் காய்ச்சல் வந்தது.

எல்லாரும் போனபின், புத்தகமும் கையுமாகப் பின்வாசலுக்கு வந்தார்.

"குருவே, ஒரு சந்தேகம். நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. அந்தப் பலகையெல்லாம் ஒரு புத்தகமா?"

அவள் புளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க கையில இருக்கிறது என்ன சார்?"

"இதுவா? புத்தகம்."

"அட்டையைக் கழட்டிப் பாருங்க."

கழற்றினார். மேலே கொட்டை எழுத்தில் இருந்ததால் அது மட்டும் அவருக்குத் தெரிந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கு கைடு.

"நேத்தும்?"

"நேத்தும் இதான் சார். நாந்தான் அட்டையை மாத்திப் போட்டேன்."

சார் படியில் உட்கார்ந்தார். "எப்போ தெரிஞ்சுது?" என்றார்.

"மாலுமிக்கு ரெண்டாந்தரம் காய்ச்சல் வந்தப்பவே."

"யார்கிட்டயும்…"

"நான் யார்கிட்ட சார் பேசுறேன்?"

அவர் கைடைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "சின்ன எழுத்து இனிமே கண்ணுக்கு வராதுன்னுட்டார் டாக்டர். ஏழு அத்தியாயம் வகுப்புல நடத்தினது, மனப்பாடம். எட்டு தெரியாது. அதைச் சொன்னா அந்த நாற்காலியை விட்டு எந்திரிக்கணும். எந்திரிச்சு வீட்ல போய் நான் யாரு?"

மாரீஸ்வரி ஒரு புளியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"கொட்டையை எடுங்க."

"ஏன்?"

"எடுங்க சார்."

பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்தி, விலகின. புளி பிளந்தது.

"அம்புட்டுதான்." முந்தானையால் அவர் விரல்களை அவளே துடைத்துவிட்டு, டேப்பைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். "இப்ப அதே மாதிரி இதுல. நாக்கு வேண்டாம்."

விரல்கள் விலகின. எழுத்து புளியங்கொட்டை அளவுக்கு வந்தது. இன்னும் விலகின. இன்னும் பெரிதானது.

"எட்டாம்," என்றார் சார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எட்டாம் அத்தியாயம்."

அடுத்த வாரம் வியாழக்கிழமை கப்பல் கரை சேர்ந்தது. கடைசிப் பக்கத்தில்கூட சாரின் விரல் நாக்கை நோக்கிப் போய், பாதி வழியில் நினைவு வந்து, வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பியது.

"அப்பாடா! இனி தாராளமா அறுக்கட்டும்," என்றார் ராயப்பன். "ஏன் சார், ஏழாவதுலயே கிடந்த கப்பலு இந்த ஓட்டம் ஓடுதே, மோட்டார் வச்சுட்டீங்களா?"

சார் டேப்பைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார்.

"கப்பல்ல கோளாறு இல்லய்யா. மாலுமிக்குத்தான் கண்ணு தெரியல."

ராயப்பன் எழுந்து சார் பக்கத்தில் வந்தார்.

"இதைச் சொல்லியிருந்தா உங்களைக் கடல்லயா தள்ளிருப்போம்? நாளைக்கழிச்சு ஆஸ்பத்திரிக்கு வாங்க. அந்தப் பலகையோட வாங்க."

சிரிப்பு பின்வாசல் வரை கேட்டது.

எல்லாரும் கலைந்தபின் சார் அங்கே வந்தார். கையில் கப்பல் கதைப் புத்தகம். பழுப்பு அட்டையை அவரே திரும்பப் போட்டிருந்தார்.

"குருவே, கடைசிச் சந்தேகம். இனி இது எனக்கு எதுக்கு? ஆனா அலமாரியில சும்மா செருகவும் மனசு வரலை. இதை என்ன செய்ய?"

மாரீஸ்வரி முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் தெருவிலிருந்து குரல் வந்தது.

"ஏ மாரீ! பிள்ளை முழிச்சிருச்சு, அழுகுது, ஓடியா!"

"வந்துட்டேன்க்கா!" முறத்தை இறக்கிவைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டினாள். "எங்கிட்டக் குடுங்க சார். எனக்குச் சின்ன எழுத்து நல்லாத் தெரியும். ஆறாவதுல விட்ட எடத்துல இருந்து நான் படிச்சுக்கிறேன்."