பார்த்துப் போட்ட பச்சை

சிக்னல் பயிற்சிப் பள்ளியில் ஜெயசீலனுக்குப் பாடம் எடுத்தவர் நாச்சியார். மாணவரைவிட ஆசிரியைக்கு வயது குறைவு. பயிற்சி முடிந்து வேலைக்குத் திரும்பியிருந்த ஜெயசீலன், ஒருநாள் காலை அவரைத் தேடி வந்தார்.

"ஒரு தப்புப் பண்ணிட்டேன், மேடம். ஆனா யாருக்கும் ஒண்ணும் ஆகல. அப்பவும் அது பெரிய தப்புதானா?"

"என்ன பண்ணினீங்க?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

தப்பு நடந்த அன்று காலை நல்ல மழை. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பயணிகள் வண்டி நின்றுவிட்டது. சிக்னல் சிவப்பிலிருந்து மாறவில்லை. ஈரத்தில் ஏதோ கோளாறு என்று நினைத்த ஜெயசீலன், சிக்னல் அறையில் ஒரு துண்டு ஒயரை மாட்டிப் பச்சையாக்கினார். வண்டி போய்விட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மதியம், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்துபோன சடையாண்டி என்ற ஊழியர், அந்தச் சிக்னலுக்குச் சற்று அப்பால் தண்டவாளம் உடைந்திருப்பதைக் கண்டு அடுத்த வண்டியை நிறுத்தினார். தண்டவாளம் உடைந்தால் அதில் ஓடும் மின்சாரம் அறுந்து, சிக்னல் தானாகவே சிவப்புக்கு வந்துவிடும். காலையில் அது கோளாறில்லை.

"யாரும் வர்றதுக்குள்ள ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கிட்டேன். சடையாண்டிக்கு மாலை போட்டாங்க. நானும் கை தட்டினேன், மேடம்."

நாச்சியார் சில நாட்களில் அனுமதி வாங்கி, ஜெயசீலனை ஒரு வண்டியின் இன்ஜினில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டார்.

ஓட்டுநர் சையது இப்ராகிம். மலையடிவாரத்தில் பாதை வளைந்தது. அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பச்சை எரிந்தது. இப்ராகிம் வேகத்தைக் குறைக்கவில்லை.

ஜெயசீலன் ஓட்டுநர் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் மெதுவாப் போகலாமே, சார்?"

"எதுக்கு? பச்சை போட்டிருக்காங்களே. பார்க்காமலா போடுவாங்க?"

வளைவைத் தாண்டியதும் இப்ராகிம், "நீங்க எந்த ஸ்டேஷன்?" என்று கேட்டார். ஜெயசீலன் சொன்னார்.

"அடடே, அன்னைக்கு மழையில அங்க நின்னது என் வண்டிதான். பெட்டி பூரா சுற்றுலா போன பள்ளிக்கூடப் பிள்ளைங்க. பசியில அழவே ஆரம்பிச்சுட்டாங்க. சிக்னலைச் சரிபண்ணினது யாரு?"

"நான்தான்."

"நல்லா இருக்கணும், சார் நீங்க."

கை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்த ஜெயசீலனால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஸ்டேஷனில் ஆசிரியையும் மாணவரும் இறங்கினார்கள். வண்டி கிளம்ப இன்னும் நேரமிருந்தது.

"மேலே சொன்னா வேலை போயிடும், மேடம். அதுகூடப் போகட்டும். இவருக்குத் தெரிஞ்சா, இனிமே எந்தப் பச்சையையும் நம்பமாட்டாரே. அதை நினைச்சாத்தான்..."

நாச்சியார் சொன்னார்: "அவர் பச்சையை நம்பணும்னு இவ்வளவு கவலைப்படுறீங்க. நீங்க சிவப்பை நம்பலையே, ஜெயசீலன்."

ஜெயசீலன் திரும்பி, இப்ராகிம் இருந்த இன்ஜினை நோக்கி நடந்தார்.