படியிறங்கும் வேகம்

குன்றுக் கோயில் பல்லக்கு நேற்றுப் படியிறங்கும்போது அதைத் தூக்கி வந்த மாடக்கண்ணு வழுக்கி விழுந்தான். விழாமல் என்ன செய்வான், தவில் அந்த விரட்டு விரட்டினால்? மற்றவர்கள் எப்படியோ தாங்கிவிட்டார்கள். சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. மாடக்கண்ணுவுக்கு முழங்கால் போய்விட்டது.

இன்று காலை பல்லக்குத் தூக்கிகள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். அம்பலவாணன் தவில் வாசித்தால் அவர்கள் தோள் கொடுக்க மாட்டார்களாம்.

அம்பலவாணனுக்கு அந்தத் தவில்தான் உயிர். குரு வைத்திலிங்கத்தைத் தேடி ஓடினான். சாதாரண நாளிலேயே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் போலத்தான் நடப்பான். அவன் வாசிப்பும் அந்த நடைதான்.

“ஐயா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நடக்கத் தெரியாம என் மேல பழி போடுறாங்க.”

“உனக்கு மெதுவா வாசிக்க வராதா?”

“வரும். பிடிக்காதுங்க. மெதுவா வாசிச்சா செத்த மாதிரி இருக்கு. எதுதான் சரியான வேகம், நீங்களே சொல்லுங்க. சாயங்காலம் நான் வாசிச்சாகணும்.”

குரு தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். சாமி இல்லாத பல்லக்கில் நெல்மூட்டைகளை ஏற்றச் சொன்னார். கடைசிச் சில படிகள் மட்டும் இறங்கினால் போதும் என்று தூக்கிகளைக் கும்பிட்டுக் கேட்டார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள். மாடக்கண்ணுவின் இடம் காலியாக இருந்தது.

“அங்க போய் நில்லு,” என்றார் அம்பலவாணனிடம்.

அவன் தோள் கொடுத்தான். தண்டு எலும்பில் அழுந்தியது. குனிந்து படியைப் பார்க்க முடியவில்லை. காலால் துழாவித்தான் இறங்க வேண்டியிருந்தது.

குரு வாசித்தார். அம்பலவாணனின் வாசிப்பேதான், அதே வேகம். முதலில் அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. அடுத்த படியிலேயே கால் தாளத்துக்குப் பின்தங்கிவிட்டது. எட்டிப் பிடிக்கப் பார்த்தான். பல்லக்கு அவன் பக்கம் சாய்ந்தது. பின்னால் இருந்தவன் பல்லைக் கடித்துக்கொண்டு, “பார்த்துய்யா,” என்றான்.

“ஐயா, மெதுவா,” என்றான் அம்பலவாணன். பயந்துவிட்டான்.

தவில் நின்றது. பல்லக்கும் நின்றது.

“உனக்குப் பிடிச்ச வேகந்தானே வாசிச்சேன்?”

“தோள்ல பாரம் இருக்குங்கய்யா.”

“நேத்து மாடக்கண்ணு தோள்லயும் இருந்துச்சு.”