விண்கலத்தில் எரியாத விளக்குகள்

“இந்த விளக்கெல்லாம் எதுக்கு எரியணும்? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, வாத்தியாரம்மா,” என்றார் வேம்புலி.

காலையிலிருந்து இதையேதான் கேட்கிறார்.

அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து, சங்கம் கட்டியதற்காக வெளியே தள்ளப்பட்டவர். தலை நரைத்த பிறகு, தொலைக்காட்சித் தொடர்களுக்கு அரங்க விளக்கு அமைக்கும் ரெஜினாவிடம் தொழில் பழக வந்திருந்தார். அவளுக்கு அவருடைய மகள் வயது.

படப்பிடிப்புத் தளத்தில் அட்டையும் ஒட்டுப்பலகையுமாக ஒரு விண்கலம் நின்றது. அதன் கட்டுப்பாட்டுப் பலகை வேம்புலி செய்தது. பலகை நிறைய விளக்குகள். ஒன்றும் எரியவில்லை.

“மின் நிலையத்துல எல்லாம் ஒழுங்கா ஓடினா பலகை இருட்டாத்தான் இருக்கும். கெட்டுப்போனாத்தான் விளக்கு எரியும். இந்தக் கலம் ஒழுங்காத்தானே ஓடுது?”

“டைரக்டர் என்ன சொன்னாரு?”

“கரண்ட் போயிடுச்சான்னு கேட்டாரு. அவரெல்லாம் ஒரு டைரக்டர்.”

“சாப்பிட்டுட்டு வருவாரு. அப்பவும் எரியலேன்னா நம்ம ரெண்டு பேரையும் கேட்டுக்கு வெளியே அனுப்பிடுவாரு, தோழர்.”

“கேட்டுக்கு வெளியே நின்னு பழகினவன் நான்.”

“நான் பழகல.”

வேம்புலிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை.

“சும்மா மினுக்குறது ஏமாத்து வேலை. நிர்வாகம் மந்திரி வர்ற அன்னைக்கு மட்டும் சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும், அந்த மாதிரி. அதுக்கு என் கை வராது.”

ரெஜினா பெருமூச்சு விட்டாள். எழுந்து போய்த் தளத்து விளக்குகளை அணைத்தாள். கும்மிருட்டு. அவள் தட்டுத்தடுமாறி வந்து கலத்தலைவியின் நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது.

“இன்னைக்கு எடுக்கப்போறது இதைத்தான். தலைவி தனியா உட்கார்ந்திருக்கா. ஊர்லேர்ந்து தகவலே வரல. இந்தப் பலகையைத் தவிர அங்க வேற விளக்கு கிடையாது. நான்தான் தலைவின்னு வச்சுக்கங்க. அழறேனா, சிரிக்கிறேனா?”

“இருட்டுல எனக்கு எப்படித் தெரியும்?”

பலகைக்கு அடியில் அவள் கை துழாவியது. இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடித்தாள்.

ஒரேயொரு மஞ்சள் விளக்கு எரிந்தது.

நெற்றி தெரிந்தது. மூக்கு நுனி. இறுகிய உதடுகள். இமைக்காத இரண்டு கண்கள்.

“இப்ப?”

வேம்புலி கிட்டே போய்ப் பார்த்தார்.

“எரிச்சல்ல இருக்கீங்க.”

“யார் மேல?”

வேம்புலி பலகைக் கம்பிகளைப் பற்றவைக்கச் சால்டரிங் அயர்னைச் சூடேறப் போட்டார்.